மெதோடி கொண்டுவந்த மானிட்டர்

லுட்விக்ஸ்பர்க்
11 ஆகஸ்ட் 2019

அன்புள்ள ரலிட்சா,

இனி என் போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். "காகிதத்துல கத்த முடியாது, எழுதச் சொல்லு" என்று சோலோவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஜெர்மனிக்கு ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் மூலம் புருஷனுக்கு நிபந்தனை விதிக்கிற பெண் லோம் நகரத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். சரி, எழுதுகிறேன். கத்தவில்லை என்பதைக் கவனி.

சோலோ உன் ஜாடிகளைக் கொடுத்தான். மிளகாய் விழுது நன்றாக இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போகிற போக்கில், "அஞ்சலி நோட்டீஸ் கடை இப்ப ஜோரா இருக்கு. கவுண்டர்ல பெரிய திரை ஒண்ணு வந்திருக்கு. பின்ஜன்னல் வழியா தெருவிலேர்ந்தே செத்தவங்க முகம் தெரியுது" என்றான். எனக்கு முன்பே தெரியும் என்பது போல் நின்றேன். இந்த வயதில் அப்படி நிற்பது முதுகுக்கு நல்லதல்ல.

உன் கடை லேப்டாப்பை வாங்கித் தந்தவன் நான். அதன் திரையில் இடது பாதி இருண்டுபோனதும் எனக்குத் தெரியும். வந்து சரி செய்கிறேன் என்று ஒவ்வோர் ஈஸ்டருக்கும் தவறாமல் சொல்லியிருக்கிறேன். இங்கே என் பிழைப்பே கம்பெனிகளின் கூட்ட அறைகளில் திரை மாட்டுவதுதான். சுவர் அகலத்துக்கு மாட்டுகிறேன். அப்படிப்பட்டவன் மனைவிக்கு இன்னொருவர் திரை கொண்டுவருவது, ரொட்டிக்கடைக்காரன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் ரொட்டி கொண்டுபோவது மாதிரி. பசி மட்டும் அதற்குக் காரணமாக இருக்காது.

கொண்டுவந்தது யார்? தொழில் ஆர்வத்தில்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. அக்டோபர் 26, திமித்ரி திருநாளோடு கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம். போடாதே. மூடிவிட்டு இங்கே வா. இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 'நீ வா' என்று நானும் 'நீ வா' என்று நீயும் நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதனால் லாபம் சோலோவுக்கு மட்டும்தான்.

ரங்கேல்


லோம்
17 ஆகஸ்ட்

ரங்கேல்,

உன் தொழில் ஆர்வத்துக்குப் பதில். மானிட்டரைக் கொண்டுவந்தவர் மெதோடி. ஆற்றுத் துறைமுகத்தில் படகுகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர். எழுபதைத் தாண்டியாயிற்று. அவர் மனைவி டொங்கா மார்ச் மாதம் இறந்தாள். அஞ்சலி நோட்டீஸுக்கு என்னிடம் வந்தார். நாற்பதாம் நாளுக்கு வந்தார், மூன்றாம் மாதத்துக்கும் வந்தார். ஒவ்வொரு முறையும் டொங்காவைப் பற்றி ஒரு புதுச் சொல் கொண்டுவருவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து எடுப்பது போல் சொல்வார்.

நீ வாங்கித் தந்த லேப்டாப்பில் இந்த ஊரின் இறந்தவர்கள் எல்லோரும் வலது பாதியில்தான் இறக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தங்கள் அப்பா பிறந்த வருஷத்தைத் தேடுவார்கள். மூன்றாம் மாத நோட்டீஸில் டொங்காவின் படத்தை வெட்டும்போது, இருட்டுப் பக்கம் அவள் தோளில் ஒரு கை இருந்ததை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மரங்களில் ஒட்டிய பிறகு ஊர் பார்த்தது. கை யாருடையது என்று ஒரு வாரம் பேசியது. மெதோடி கோபப்படவில்லை. "அது என் கைதாம்மா. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றார்.

மறுநாள், டொங்கா சீட்டாடிக்கொண்டிருந்த மானிட்டரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அதைப் பார்க்க முடியவில்லையாம். நடந்தது இவ்வளவுதான்.

ஒப்பந்தம் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. லுட்விக்ஸ்பர்க்கில் சுவரில் எதை ஒட்டினாலும் அபராதம் என்று நீதான் சொன்னாய். அங்கே வந்து நான் என்ன செய்வேன்? நீ மாட்டிய திரைகளைத் துடைப்பேனா?

ரலிட்சா


லுட்விக்ஸ்பர்க்
25 ஆகஸ்ட்

ரலிட்சா,

முதியவர், துக்கத்தில் இருப்பவர், கம்பளி. எல்லாம் புரிகிறது. ஓர் இடம் மட்டும் உதைக்கிறது.

அந்த லேப்டாப்பில் மானிட்டர் வயரைச் செருக இருப்பது பழைய நீல நிற வாய். டொங்காவின் மானிட்டர் மெலிந்தது, புது மாதிரி என்று சோலோ சொல்கிறான். அதன் வாய் வேறு. இரண்டையும் நேராக இணைக்க முடியாது, நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். உன் கடிதத்தில் கம்பளி இருக்கிறது, அடாப்டர் இல்லை.

அடாப்டர் தற்செயலாக வருவதில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் எந்த வாய் இருக்கிறது என்று ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் கவுண்டருக்கு உள்ளே, உன் முழங்கைக்கு அருகில் இருக்கிறது. அங்கே வந்து குனிந்தால்தான் தெரியும். அதன் பிறகு அவர் பக்கத்து நகரமான விதின் வரை பஸ்ஸில் போயிருக்க வேண்டும், ஏனென்றால் லோமில் அது கிடைக்காது. எனக்குத் தெரியும், ஒருமுறை நானே தேடிப் பார்த்து விட்டுவிட்டேன். சீட்டாட்ட மானிட்டரைக் கண்முன் வைத்திருக்க முடியாமல் எவரிடமாவது தள்ளிவிடுகிறவர், அதற்காக விதினுக்குப் போகமாட்டார்.

போகட்டும். இனி இப்படிச் செய். மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் திருப்பு. இப்போது இரண்டு திரையிலும் ஒரே காட்சி தெரிகிறது, அதனால்தான் பெரிய திரையைப் பார்க்க எல்லோரும் உன் பக்கம் வந்து நிற்கிறார்கள். அமைப்பில் போய் 'திரையை நீட்டு' என்பதைத் தேர்ந்தெடு. அப்போது பெரிய திரை உன் திரையின் இடது பக்கத் தொடர்ச்சியாகிவிடும். நீ இடது பக்கம் இழுத்து விடுவது மட்டும் அவர்களுக்குத் தெரியும், மற்றதெல்லாம் உன்னோடு இருக்கும். அந்தப் பக்கம் ஒரு கீபோர்டும் மவுஸும் வைத்துவிடு. பிழை இருந்தால் அவர்களே திருத்தி, அவர்களே அச்சடித்துக்கொள்ளட்டும். கவுண்டருக்குள் யாருக்கும் வேலை இல்லை. ஜெர்மனியில் எல்லா அலுவலகத்திலும் இதுதான் முறை.

டொங்காவுக்கு இதுவரை என்னென்ன சொற்கள் கொண்டுவந்தார்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ரங்கேல்


லோம்
14 செப்டம்பர்

ரங்கேல்,

சொற்கள்: விடியலில் எழுபவள். கோபம் தங்காதவள். ஆற்றைப் பார்த்து அமர்ந்தவள். போதுமா?

அடாப்டருக்காக அவர் விதினுக்குப் போனது உண்மை. குனிந்ததும் உண்மை. குனிந்தபின் நிமிர நான்தான் கைகொடுத்தேன். அதையும் சேர்த்து வைத்துக்கொள்.

நீ சொன்னபடியே செய்தேன். பெரிய திரை ஊருக்கு, இருட்டுப் பாதி எனக்கு என்று ஆயிற்று. உன் மனசு தெளியட்டும் என்று நான் மறுபடி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்தேன். அதன் பலனை எப்படி மெதுவாகச் சொல்வது என்று தெரியவில்லை. நீ இறந்துவிட்டாய்.

உன் கடிதத்தைப் படித்த கோபத்தில், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உனக்கு ஒரு நோட்டீஸ் எழுதினேன். அச்சடிக்க அல்ல, மனசு ஆறத்தான். சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள், எனக்குத் தெரிந்த தொழில் இது. 'நான்கு ஆண்டுகள் ஆகின்றன, எங்கள் ரங்கேல் எங்களை விட்டுச் சென்று. நல்ல உழைப்பாளி. சொல்லிக்கொள்ளாமல் போனான். அவன் சரி செய்வதாகச் சொன்னது எதுவும் சரியாகவில்லை. மனைவி.' அடையாள அட்டைக்கு எடுத்த உன் படத்தையும் வைத்தேன். அதில் நீ ஏற்கெனவே பாதி தயாராகத்தான் இருக்கிறாய்.

அப்போது கதவு திறந்தது. மெதோடி, டொங்காவின் அரை வருஷ நோட்டீஸுக்காக. யாருக்கும் தெரியக் கூடாததை இருட்டுப் பாதிக்குள் தள்ளி மறைப்பது என் பழைய வழக்கம். இத்தனை வருஷமாக அது கிணறு மாதிரி எதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இந்த முறையும் தள்ளினேன், மறைந்தது. ஆனால் நீ நீட்டிவைத்த பிறகு அந்தக் கிணற்றுக்கு மறுபக்கம் ஒரு வாசல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். உன் நோட்டீஸ் நேராகப் போய் மெதோடியின் முன்னால் நின்றது.

நான் அவருக்குக் காபி போட உள்ளே போயிருந்தேன். (ஆமாம், காபி. எழுதிவைத்துக்கொள்.) பெரிய திரையில் திறந்து வைத்திருந்த டொங்காவின் நோட்டீஸைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, சரியாக இருக்கிறதா என்று உள்ளேயிருந்து கேட்டேன். கீபோர்டில் ஒரே ஒரு தட்டு கேட்டது. பிறகு, "தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு. போட்டுட்டேன்" என்றார். அப்படியானால் நீங்களே அச்சடித்துவிடுங்கள் என்றேன். மவுஸ்தான் அவர் பக்கம் இருக்கிறதே.

காபியோடு வந்தபோது அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது, டொங்காவுக்கு என்று நினைத்தேன். "ஒட்டுறதை நான் பாத்துக்குறேன். நீ இதுக்காக வெளியே வர வேணாம்" என்றார். பசை வாங்கிக்கொண்டு போய் உன்னை ஒட்டினார். துறைமுக வாசல், ரொட்டிக்கடை, பஸ் நிலையம், கடைத்தெருவின் மரங்கள், ஒன்று விடவில்லை. டொங்காவுக்குக்கூட இவ்வளவு நேராக ஒட்டியதில்லை.

ஊர் உடனே நம்பிவிட்டது. என்னை உறுத்துவது இதுதான். ஒருவர்கூட 'அப்படியா?' என்று கேட்கவில்லை. 'அதான் ஈஸ்டருக்கு வரல' என்றார்கள். நான்கு வருஷமாக உன் சாவை நான் மறைத்துவைத்திருக்கிறேன், இறந்தவனுக்கு ஜாடியில் மிளகாய் விழுது அனுப்பி மனசைத் தேற்றிக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி, துக்க வீட்டுக்குத் தருகிற அவித்த கோதுமை கொண்டுவந்தாள். சோலோவைக் கேட்டால், "நான் பார்சலை ஒரு ஆள்கிட்ட குடுக்குறேன். உயிரோட இருக்கியான்னு எல்லாம் கேக்குறதில்ல" என்கிறானாம்.

ரலிட்சா


லுட்விக்ஸ்பர்க்
22 செப்டம்பர்

ரலிட்சா,

சோலோ உன் கடிதத்துக்கு முன்னால் தன் போனை நீட்டினான். பஸ் நிலைய மரத்தில் நான். கீழே பயணிகள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார்கள். உமியை என்மேல் துப்பவில்லை என்று அவன் ஆறுதல் சொன்னான்.

நான் இறந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிலவற்றைக் கேட்க வேண்டும். டொங்காவுக்கு 'ஆற்றைப் பார்த்து அமர்ந்தவள்'. எனக்கு 'நல்ல உழைப்பாளி'. இது மாட்டுச் சந்தையில் சொல்வது. பதினாறு வருஷம் உன்னோடு வாழ்ந்தவனுக்கு இதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லையா? அந்தக் காற்புள்ளியையும் தேடிப் பார்த்தேன். என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறார். 'எங்கள்' என்பதற்கும் 'ரங்கேல்' என்பதற்கும் நடுவில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். தற்செயல் என்று சொல்வாய்.

இப்போது நிலைமையைப் பார். ஒரு விதவை, மனைவியை இழந்த ஒருவர், இருவருக்கும் நடுவில் ஒரு மானிட்டர். அவருடையதை அவர் எடுத்துக்கொண்டு போகட்டும். நல்லதாக ஒன்று நான் சோலோவிடம் கொடுத்தனுப்புகிறேன், இதைவிடப் பெரியது. நோட்டீஸ்களையும் உடனே கிழித்துப் போடு.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. முன்பு கேட்டுக்கொண்டேன். இப்போது மறுபடி கேட்டுக்கொள்கிறேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும்வரை எனக்கு இங்கே ஒரு ஆணியும் நேராக இறங்குவதில்லை. போன வாரம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மாட்டிய திரை சாய்ந்திருந்தது. அவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ரங்கேல்


லோம்
19 அக்டோபர்

ரங்கேல்,

உன் மானிட்டர் வந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. சோலோ இறக்கிய இடத்திலேயே வைத்திருக்கிறேன், பின்னறையில், பசை காய்ச்சுகிற மாவுமூட்டைக்குப் பக்கத்தில்.

நோட்டீஸ்களைக் கிழிக்க முடியாது. இறந்தவர் முகத்தை மரத்திலிருந்து யாராவது உரிப்பார்களா? மழைதான் எடுக்க வேண்டும். உனக்கு இது மறந்துபோயிருந்தால் நீ அங்கே அதிக நாள் இருந்துவிட்டாய் என்று அர்த்தம். இந்த இலையுதிர்காலத்தில் மழையும் சரியாக இல்லை.

உண்மையை மெதோடியிடம் நானே போய்ச் சொன்னேன். நீ உயிரோடு இருப்பதையும், அந்த நோட்டீஸ் ஒரு கோபம்தான் என்பதையும் சொன்னேன். மிகவும் கூசிப்போவார் என்று பயந்திருந்தேன். அவர் கூசவில்லை. குழம்பித்தான் போனார். தொப்பியை வெகு நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"உசுரோட இருக்கானா?"

இருக்கிறான் என்றேன்.

"நோய்நொடி ஒண்ணும் இல்லையே? ஜெயில்ல இல்லையே?"

இல்லை என்றேன்.

"அப்புறம் எப்படிம்மா வராம இருக்க முடியுது? செத்தவங்க வராததுதான் எனக்குப் புரியுது."

அவர் குத்திக்காட்டவில்லை, ரங்கேல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.  ஆணி, சம்பளம், இரண்டு அறை என்று ஏதோ சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், வெளிநாட்டுப் படகின் கேப்டன் பேசுவதைக் கேட்பது போல.

நீ ஒன்றைத் தவறாகக் கணக்குப் போட்டிருக்கிறாய். மெதோடியைப் பார்த்து உனக்குப் பொறாமை. எனக்கும் பொறாமை உண்டு, ஆனால் அது டொங்காவைப் பார்த்து. படத்தில் பார்த்திருக்கிறேன், அழகி இல்லை. சீட்டாட்டத்தில் கணினியையே ஏமாற்றுவாளாம். கையில் ஒரு சொல்லோடு ஒருவர் மழையில் நடந்து வருகிறாரே, அது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அரை வருஷ நோட்டீஸுக்குத் தனக்குச் சொல் தீர்ந்துவிட்டது, நீயே எழுதிவிடு என்றார். எழுதினேன். நன்றாக வந்தது. படித்துப் பார்த்தபோது அதில் டொங்கா இல்லை. என்னைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நான் நினைத்ததெல்லாம் இருந்தது. அழித்துவிட்டு, 'கோபம் தங்காதவள்' என்பதையே மறுபடி போட்டேன். எனக்குக் கோபம் தங்கும்.

இனி வாடகை விஷயம். கட்டட உரிமையாளர் அதானாஸ் ஒப்பந்தத்தைத் தயாரிக்க என் கடைக்கே வந்தார், வேறு எங்கே போவார்? பெரிய திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'விதவை' என்று அடித்தார். அது தவறு என்றேன். "மரத்துக்கு மரம் ஒட்டியிருக்கு. நான் மரத்தை நம்பவா, உன்னை நம்பவா?" என்றார். நான் அதை எடுத்துவிட்டு 'மணமானவர்' என்று அடித்தேன். ஆளைக் காட்டினால்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். பொய்த் தகவல் உள்ள ஒப்பந்தம் செல்லாதாம். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்.

ஆகவே இரண்டு விதமாகவும் அச்சடித்தோம். இரண்டும் கவுண்டரில் இருக்கின்றன. திமித்ரி திருநாள் அன்று மதியம் அவர் வருவார். கையெழுத்துப் போடப்போகிறேன், ரங்கேல். லுட்விக்ஸ்பர்க்குக்கு வரப்போவதில்லை. இது முடிவாகிவிட்டது. எந்தத் தாளில் போடுவது என்பதை மட்டும் நான் முடிவு செய்ய முடியாது.

ரலிட்சா


சோலோவின் பஸ்ஸில்
25 அக்டோபர்

அன்புள்ள ரலிட்சா,

இதைக் கையில்தான் தருவேன். வாயால் சொன்னால் கத்திவிடுவேன் என்று பயம்.

மேலாளரிடம் விடுப்பு கேட்டேன். காரணம் கேட்டார். குடும்பத்தில் ஒரு மரணம் என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, யார் என்றார். அதை விளக்க என் ஜெர்மன் போதவில்லை. எத்தனை நாள் என்றார். அதற்கும் போதவில்லை. அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லோமில் யாருக்குத் திரை மாட்டப்போகிறாய் என்று சோலோ கேட்கிறான். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெட்டி மடியில் கனமாக இருக்கிறது, அது ஓர் ஆறுதல்.

சோலோ என்னை முன் இருக்கையில் உட்காரவைத்திருக்கிறான். லோம்காரர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டதில் எனக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க யோசித்தார்கள் என்று நினைக்கிறேன். அது என்னைப் போய்ச் சேருமா என்று சந்தேகம் இருந்திருக்கும்.

உனக்கு ஒரு சொல் கண்டுபிடிக்கலாம் என்று ஹங்கேரி முழுக்க யோசித்தேன். ஒரு கிழவருக்கு முடிகிறது, எனக்கு முடியாதா என்ற வீம்பில்தான் தொடங்கினேன். செர்பியாவுக்குள் வந்த பிறகு ஒன்று புரிந்தது. அவர் சொற்கள் எல்லாம் இல்லாத ஒருத்திக்கானவை. நின்று நிதானமாகத் தேடலாம், யாரும் எதிர்த்துப் பேசப்போவதில்லை. இருக்கிறவளிடம் என்ன சொல்வது? பசிக்கிறது, கதவைச் சாத்து, தள்ளிப் படு. இவைதான் என்னிடம் இருக்கின்றன. இவற்றை நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, ஜெர்மனிலும் சொல்லவில்லை. இது கணக்கில் வருமா என்று தெரியாது.

அதானாஸிடம் என்னைக் காட்டு. பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றாலும் பார்க்கட்டும். அந்தத் தாளில் கையெழுத்தாகட்டும்.

மெதோடியின் மானிட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதை உன் பக்கம் திருப்பிக்கொள், கழுத்து வலிக்கும். மெதோடி அங்கே இருந்தால் அவரும் இருக்கட்டும். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் உள்ளே வந்ததும் அவர் எழுந்து எனக்கு இடம் விடுவார், அப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. அந்த நாற்காலியில் நான் உட்காரமாட்டேன். எனக்கு வேறு நாற்காலி போடு.

ரங்கேல்